கோனா போட்டி: எதிர்காற்றும் வெயிலும் சேர்ந்து வந்தால் 180 கி.மீ. சைக்கிளை எப்படி ஓட்டுவது?

நெடுவழி:

அனைவருக்கும் வணக்கம். வருகிற அக்டோபரில் கோனா போகிறேன். ஹவாயின் பெரிய தீவில் நடக்கும் அயர்ன்மேன் (நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் போட்டி) உலகச் சாம்பியன்ஷிப்பில் வயதுப் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது, இன்னும் நம்ப முடியவில்லை. வயது 46, எடை 64 கிலோ, ஊர் சென்னை. இதற்கு முன் முழுத் தூரப் போட்டிகளை முடித்ததெல்லாம் ஐரோப்பாவில், காலைக் குளிரில் நடுங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கும் ஊர்களில். எரிமலைக் குழம்பு உறைந்த கருப்பு வெளியில், நிழலே இல்லாமல், நாள் முழுக்கக் காற்றோடும் வெயிலோடும் இருப்பது எனக்குப் புதிது.

காற்றில்லாத சமதளத்தில் 175 வாட் சக்தியோடு மிதித்தால் மணிக்கு 35 கி.மீ. வருகிறது. அதை வைத்து சைக்கிளை 5 மணி 10 நிமிடத்தில் முடித்து, மாரத்தானை 4 மணிக்குள் ஓடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். எதிர்காற்று அடித்தால் கொஞ்சம் அழுத்தி மிதித்து நேரத்தை ஈடுகட்டலாமா, விட்டுவிட வேண்டுமா? என்னிடம் இருக்கும் முன்சக்கரத்தின் விளிம்பு 80 மி.மீ. ஆழம், அதைக் கொண்டுபோகலாமா? உப்பு மாத்திரை எவ்வளவு? "சென்னைக்காரனுக்கு வெயில் புதுசா" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதை நம்பலாமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் பெரிய உதவி.

உப்புக்காற்று:

வாழ்த்துகள் தம்பி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கோனாவில் தோற்பவர்கள் பெரும்பாலும் உடல்வலு இல்லாமல் தோற்பதில்லை, அந்தப் பாதையைப் புரிந்துகொள்ளாமல் தோற்கிறார்கள்.

முதலில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்றை மௌனா கியா (4,207 மீ.), மௌனா லோவா (4,169 மீ.) என்ற இரண்டு பெரிய மலைகளும் மறித்துவிடுகின்றன. அதனால்தான் காலையில் போட்டி தொடங்கும் கைலுவா ஊருக்குள் இலைகூட அசையாது. ஆனால் மௌனா கியாவுக்கும் அதன் வடக்கே இருக்கும் கோஹாலா மலைக்கும் நடுவில், வைமேயா பக்கம், நிலம் தாழ்ந்திருக்கிறது. மறிக்கப்பட்ட காற்று அந்த வழியாகப் பிதுங்கி மேற்குக் கரையில் இறங்குகிறது. உள்ளூரில் அதை முமுக்கு என்பார்கள். நீங்கள் சைக்கிளில் போகிற பாதை அந்த இறக்கத்தின் கீழேதான் குறுக்கே போகிறது.

நீச்சல் முடிந்து ஊருக்குள் கொஞ்சம் ஓட்டிவிட்டு குவீன் காஅஹுமானு நெடுஞ்சாலையில் ஏறுவீர்கள், எல்லாரும் குவீன் கே என்றுதான் சொல்வார்கள். வடக்கே கவாய்ஹே வரை சின்னச் சின்ன ஏற்ற இறக்கம். அந்த நேரத்தில் காற்று குறைவு, உடம்பு புதிது, சுற்றிலும் உலகத்தின் வேகமான ஆட்கள், எல்லாமே சுலபமாகத் தெரியும். கவாய்ஹே தாண்டினால் ஹாவி ஊர் வரை ஏற்றம், அதில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு கி.மீ. நேர் எதிர்காற்று. ஹாவியில் திரும்பி இறங்கும்போது பக்கக்காற்று, அது சீராக வராது, பள்ளத்தாக்கு வெட்டுகளைக் கடக்கும் இடங்களில் திடீர் திடீரென்று ஆளைத் தள்ளும். கீழே வந்து தெற்கே திரும்பினால், அதற்குள் நிலம் சூடேறி கடற்காற்று எழுந்திருக்கும், பல வருடங்களில் கடைசி 50 கி.மீ. மறுபடியும் எதிர்காற்று. போகும்போது வாங்கிய அடிக்குத் திரும்பும்போது பலன் கிடைக்கும் என்று இங்கே எண்ண முடியாது.

அதனால் 5:10 என்ற எண்ணைத் திட்டத்திலிருந்தே அழித்துவிடுங்கள். சைக்கிள் கணினியில் சராசரி வேகம் தெரியும் பக்கத்தையே மறைத்துவிடுவது நல்லது. வாட்டும் இதயத்துடிப்பும் மட்டும் போதும், இரண்டில் சந்தேகம் வந்தால் துடிப்பை நம்புங்கள், ஏனென்றால் வெயில் வாட்டில் தெரியாது, துடிப்பில்தான் தெரியும். குளிர்ந்த ஊரில் 175 வாட்டுக்கு 135 துடிப்பு என்றால் இங்கே அதே 175க்கு 145 வரலாம். அப்படி வந்தால் வாட்டை இறக்க வேண்டும்.

முப்பந்தல்:

நெடுவழி சார் கொடுத்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏரோ பாரில் (முன்னால் நீண்டிருக்கும் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக் குனிந்தபடி) இருக்கும் ஒருவருக்குப் பொருத்தமான காற்றெதிர்ப்பு, டயர் உராய்வு எல்லாம் சேர்த்து, சமதளம் என்று வைத்துக்கொண்ட தோராயக் கணக்கு.

175 வாட்டுக்கு காற்றில்லாமல் 35 கி.மீ. அதே 175 வாட்டில், 20 கி.மீ. எதிர்காற்று என்றால் வேகம் சுமார் 24 ஆகிவிடும். 20 கி.மீ. பின்காற்று என்றால் சுமார் 48. பாதித் தூரம் எதிர், பாதித் தூரம் பின் என்று வைத்தால் 180 கி.மீ.க்கு ஆகும் நேரம் கிட்டத்தட்ட 5 மணி 40 நிமிடம். காற்றில்லாத நாளைவிட அரை மணி அதிகம். எதிர்காற்றில் செலவழிக்கும் நேரம் பின்காற்றில் செலவழிக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு, அதனால் இழந்தது முழுதாகத் திரும்பி வருவதே இல்லை.

அந்த அரை மணி உங்கள் தவறு அல்ல, பக்கத்தில் ஓட்டுகிற எல்லாருக்கும் அதே அரை மணி போகிறது. அதை மீட்கப் போனால்தான் அது உங்கள் பிரச்சினை ஆகிறது.

அழுத்துவது பற்றிக் கேட்டீர்கள். எதிர்காற்றிலும் ஏற்றத்திலும் ஐந்து சதவீதம் போலக் கூட்டி, பின்காற்றில் அந்த அளவு குறைப்பது கணிதப்படி லாபம்தான், மெதுவாகப் போகும் இடத்தில் கூட்டும் ஒவ்வொரு வாட்டும் அதிக நேரம் மிச்சப்படுத்தும். 175க்குப் பதில் 184 என்று வையுங்கள். 210 போகாதீர்கள்.

கிள்ளான்வாசி:

முப்பந்தல் அண்ணனின் கணக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 24 கி.மீ. வேகத்தில் 20 கி.மீ. எதிர்காற்று என்றால் உடம்பின் மேல் 44 கி.மீ. காற்று அடிக்கிறது. 48 கி.மீ. வேகத்தில் 20 கி.மீ. பின்காற்று என்றால் 28 கி.மீ. காற்றுதான். பின்காற்றில் வேகம் கூடுகிறது, குளிர்ச்சி குறைகிறது. எல்லாரும் சந்தோஷமாக அழுத்துகிற இடத்தில்தான் உடம்பு சூடேறுகிறது.

ஓட்டத்தில் இது இன்னும் மோசம். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடுகிறீர்கள், பின்னாலிருந்து 10 கி.மீ. காற்று வருகிறது என்றால் உங்களைச் சுற்றிக் காற்றே இல்லை. வியர்வை ஆறாமல் வழிந்துகொண்டே இருக்கும். நாங்கள் இங்கே மலேசியாவில் புழுக்கத்திலேயே பயிற்சி செய்கிறவர்கள், இங்கே லங்காவித் தீவில் நடக்கும் போட்டியில் காற்று அவ்வளவு கிடையாது, ஈரப்பதம்தான் கொல்லும். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று, வழிகிற வியர்வை குளிர்விக்காது, ஆவியாகிற வியர்வைதான் குளிர்விக்கும்.

175 வாட் மிதிக்க உடம்பு உள்ளே எரிப்பது கிட்டத்தட்ட 800 வாட். மிச்சம் 600க்கு மேல் வெறும் சூடு. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால்தான் அந்த ஒரு மணி நேரச் சூடு வெளியே போகும். அதற்கு மேலே வெயில், தார் ரோட்டுச் சூடு, கருப்புப் பாறைச் சூடு எல்லாம் தனி.

எதிர்காற்றில் இன்னொரு ஏமாற்று வேலையும் நடக்கும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் வியர்க்கவே இல்லை என்று தோன்றும், குடிக்க மறந்துவிடுவோம். சட்டையில் வெள்ளை உப்புக்கோடு தெரியும்போதுதான் உறைக்கும்.

கடற்காகம்:

எல்லாரும் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு பக்கமாகவே போகிறது என்பதால் எழுதுகிறேன். "சைக்கிளில் அடக்கு, அடக்கு" என்று சொல்லிச் சொல்லி, ஓட்டம் பலவீனமானவர்களையும் அடக்கிவிடுகிறோம். சிலருக்கு என்ன செய்தாலும் மாரத்தான் 4:30க்குக் கீழே வராது, சைக்கிள்தான் பலம். அவர்கள் சைக்கிளில் 20 நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் ஓட்டத்தில் அதைத் திரும்ப எடுக்கப் போவதில்லை. கடைசிக் கூட்டத்தில் இருப்பவர்களுக்கு நேரக்கெடுவும் இருக்கிறது. மொத்தம் 17 மணி நேரம், சைக்கிள் 10:30க்குள் முடிய வேண்டும். பலத்த காற்று அடிக்கிற நாளில் "நேரத்தைப் பார்க்காதே" என்பது எல்லாருக்கும் பொருந்தாது.

இன்னொன்று, மேல் மட்டத்தில் அடக்கி ஓட்டினால் ஜெயிக்க முடியாது. 2023இல் லூசி சார்ல்ஸ்-பார்க்லி நீச்சலில் முன்னே போனவர் கடைசி வரை முன்னேயே இருந்து 8:24:31இல் முடித்தார், பெண்களில் அது கோனாவின் சாதனை நேரம்.

உப்புக்காற்று:

கடற்காகம் அக்கா சொல்வதில் நேரக்கெடு பற்றிய பகுதி சரி, அந்தக் கூட்டத்துக்குத் திட்டம் வேறு. ஆனால் நெடுவழி அந்தக் கூட்டத்தில் இல்லை, 4 மணிக்குள் ஓட நினைக்கிறவர்.

2023 உதாரணத்தைக் கொடுத்தீர்கள், அதே லூசியின் 2025ஐயும் பார்க்க வேண்டும். அந்த வருடம் கோனாவில் பெண்கள் மட்டும், நல்ல வெயில். லூசியும் டெய்லர் நிப்பும்தான் முன்னே. லூசி ஓட்டத்தின் நடுவே நின்றுவிட்டார். அதன் பிறகு முன்னிலைக்கு வந்த நிப், எல்லைக்கு மூன்று கி.மீ. போல இருக்கும்போது உட்கார்ந்துவிட்டார், எழ முடியவில்லை. பின்னால் இருந்து வந்த நார்வேயின் சூல்வைக் லூவ்சத் ஜெயித்தார், இரண்டாவது வந்த கேட் மேத்யூஸுக்கும் அவருக்கும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான வித்தியாசம். உலகத்தின் மிகச் சிறந்த உடல்தகுதி உள்ள இரண்டு பேருக்கே இந்தக் கதி. இதில் அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை, ஜெயிக்கப் போனால் அந்த ஆபத்தை எடுக்கத்தான் வேண்டும். வயதுப் பிரிவில் ஓடும் நமக்கு அந்தக் கட்டாயம் என்ன?

1995ஐயும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியின் தாமஸ் ஹெல்ரீகல் சைக்கிளில் பறந்து, மாரத்தான் தொடங்கும்போது மார்க் ஆலனைவிட 13 நிமிடங்களுக்கு மேல் முன்னே இருந்தார். ஆலனுக்கு அப்போது 37 வயது. அவர் பதறவே இல்லை, தன் ஓட்டத்தை ஓடினார், எல்லைக்குச் சில கி.மீ. முன்பு ஹெல்ரீகலைத் தாண்டி ஆறாவது பட்டத்தை எடுத்தார். அதே நாளில் பெண்களில் பாலா நியூபி-ஃப்ரேசர் முன்னிலையில் இருந்தும் எல்லைக்குச் சில நூறு மீட்டர் முன்பு சுருண்டு விழுந்தார், ரோட்டிலேயே கிடந்து ஆறி எழுந்து நாலாவதாக வந்தார். அதற்கு முன்பே ஏழு முறை இங்கே ஜெயித்தவர், அடுத்த வருடமே திரும்ப வந்து எட்டாவதையும் ஜெயித்தார். அனுபவம் இருந்தாலும் வெயில் விட்டுவிடுவதில்லை.

நெடுவழிக்கு என் திட்டம் இதுதான். ஹாவி வரை மனதுக்கு அலுப்புத் தட்டும் அளவுக்கு அடக்கம். ஹாவி ஏற்றத்தில் முப்பந்தல் சொன்ன ஐந்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. திரும்பி வரும் குவீன் கேவில் உடம்பு ஒத்துழைத்தால் அங்கே அழுத்துங்கள். அந்த நேரத்தில் பாதிப் பேர் ஏரோ பாரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், கழுத்தும் இடுப்பும் தாங்காது. எதிர்காற்றில் நிமிர்ந்து உட்கார்வதைவிடப் பெரிய நேர இழப்பு கிடையாது. அங்கே குனிந்தபடியே இருக்கிறவர் கூடுதலாக ஒரு வாட்கூடச் செலவழிக்காமல் ஆட்களைத் தாண்டிக்கொண்டு போவார். இப்போதிலிருந்தே வார இறுதி நீண்ட சைக்கிள் பயிற்சியில் கடைசி ஒன்றரை மணி நேரம் ஏரோ நிலையை விடாமல் பழகுங்கள்.

மருந்துப்பெட்டி:

உப்பு பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன், மருத்துவர் என்ற முறையிலும் இந்தத் தூரத்தை ஓடுகிறவள் என்ற முறையிலும்.

"மணிக்கு இத்தனை மாத்திரை" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வியர்வை ஆளுக்கு ஆள் அவ்வளவு வேறுபடும். சிலருக்கு மணிக்கு அரை லிட்டர், சிலருக்கு இரண்டு லிட்டர். லிட்டருக்கு சோடியம் சிலருக்குச் சில நூறு மில்லிகிராம், சிலருக்கு 1,500க்கும் மேல். கண்டுபிடிக்க எளிய வழி, போட்டி நடக்கும் அளவு வெயிலில், போட்டி வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஆடை இல்லாமல் முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த எடையோடு குடித்த தண்ணீரைக் கூட்டினால் அதுதான் உங்கள் வியர்வை. எதிர்காற்று நாளில் ஒரு முறை, காற்றில்லாத நாளில் ஒரு முறை பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது.

இழந்த அத்தனையையும் திரும்பக் குடிக்க வேண்டியதில்லை, குடிக்கவும் முடியாது. இரண்டு மூன்று சதவீத எடை குறைந்து முடிப்பது சாதாரணம். எடை கூடி முடிப்பதுதான் பயம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போகும். குமட்டல், தலைவலி, விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, குழப்பம், வலிப்பு வரைக்கும் போகும். இந்த ஹவாய் போட்டியில் ஓடியவர்களிடமே 1980களில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. மெதுவாக முடிக்கிறவர்களுக்குத்தான் இது அதிகம், ஒவ்வொரு எய்ட் ஸ்டேஷனிலும் (வழியில் தண்ணீரும் பனிக்கட்டியும் தரும் இடம்) நின்று குடிக்க நேரம் இருப்பதால்.

வெப்பத்தாக்கு வேறு. உள்ளுடம்பு 40 டிகிரி தாண்டி, பேச்சு குளறி, தள்ளாடி, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போவது. தோல் காய்ந்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், ஓட்டக்காரர்களுக்கு வியர்த்துக்கொண்டே வரலாம். பக்கத்தில் ஓடுகிறவர் அப்படித் தெரிந்தால் உடனே நிறுத்தி உதவி கூப்பிடுங்கள். பனிக்கட்டித் தண்ணீரில் ஆளை அமிழ்த்திக் குளிர்விப்பதுதான் முதல் வேலை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது அதற்கு அப்புறம்.

வலி மாத்திரை ஒன்றுகூட வேண்டாம். ஐப்யூபுரோஃபென் மாதிரி மாத்திரைகள் ஏற்கெனவே தண்ணீர் குறைந்த சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும், சோடியம் குறைவதற்கும் வழி செய்யும். பலர் ஓட்டம் தொடங்கும் முன் பழக்கமாகப் போட்டுக்கொள்கிறார்கள், என்னால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை.

நெடுவழி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. வேகப் பக்கத்தை மறைத்துவிட்டேன். மருந்துப்பெட்டி டாக்டர், நான் பயிற்சியில் இளநீர்தான் நம்பிக் குடிக்கிறேன், அது போதாதா? ஓ.ஆர்.எஸ். கலக்கலாமா? அப்புறம் மணிக்கு 90 கிராம் கார்ப் (மாவுச்சத்து, சர்க்கரை) எடுக்கச் சொல்கிறார்கள், வெயிலில் வயிறு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. ஈசிஆரில் காலை நாலரைக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், அதற்கு மேல் போக்குவரத்தும் வெயிலும் தாங்காது. இது வெயில் பழக்கம் ஆகுமா?

மருந்துப்பெட்டி:

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் பரவாயில்லை, ஆனால் கோனா ரோட்டில் யாரும் இளநீர் வெட்டித் தர மாட்டார்கள், அங்கே கிடைப்பதைக் குடித்துப் பழகுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கலவையில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம், அதாவது 1,700 மி.கி.க்குக் கொஞ்சம் மேல். அது வயிற்றுப்போக்குக்காகச் செய்தது, சர்க்கரை லிட்டருக்கு 13.5 கிராம்தான். உப்புக்குச் சரி, சைக்கிளுக்கு வேண்டிய எரிபொருளுக்குப் போதாது. கார்ப் தனியாக வேண்டும்.

வயிறு ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் பெரும்பாலும் கார்ப் நிறைந்த ஜெல் அல்ல, வேகம். சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் போகிறது, மிதிக்கத் தசைக்குப் போகிறது, குடலுக்கு மிச்சம் இல்லை. பத்து வாட் குறைத்தால் அதே ஜெல் இறங்கும். 60 கிராமில் தொடங்கி வாரா வாரம் கூட்டுங்கள், குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்ததாக இருக்கட்டும், குடலும் பயிற்சியில் பழகும்.

கிள்ளான்வாசி:

காலை நாலரை மணிப் பயிற்சி வெயில் பழக்கம் ஆகாது தம்பி. சென்னையில் பிறந்து வளர்ந்தது ஒரு அடித்தளம்தான், ஆனால் இருட்டில் ஓட்டிவிட்டு, ஏசி ஆபீஸில் உட்கார்ந்து, ஏசி அறையில் தூங்குகிறவர் உடம்புக்கு மதிய வெயிலில் உழைக்கும் பழக்கம் இல்லை. பத்து முதல் பதினான்கு நாள் தொடர்ந்து சூட்டில் உழைத்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், துடிப்பு இறங்கும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பும் குறையும். விட்டால் சில வாரங்களில் போய்விடும். அதனால் மே மாத வெயிலில் பழகியது அக்டோபருக்கு உதவாது, செப்டம்பரில் செய்ய வேண்டும்.

எப்படி என்றால், முக்கியமான கடினப் பயிற்சிகளை வழக்கம்போலக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் மதியம் ஒரு மணி நேரம் மெதுவாக ஓடுங்கள், அல்லது வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் கருவி) ஃபேன் இல்லாமல் மிதியுங்கள். நேரமே இல்லை என்றால் பயிற்சி முடிந்த கையோடு 40 டிகிரி வெந்நீரில் அரை மணி கழுத்து வரை உட்காருங்கள், அதுவும் வேலை செய்யும். தனியாகச் செய்யாதீர்கள், எழும்போது தலைசுற்றும்.

சென்னைக்கும் ஹவாய்க்கும் பதினைந்தரை மணி நேர வித்தியாசம், அதனால் ஒரு வாரமாவது முன்னால் போய்விடுங்கள். தூக்கம் சரியாகாமல் வெயிலில் இறங்கக் கூடாது.

முப்பந்தல்:

முன்சக்கரம் பற்றி. 80 மி.மீ. வேண்டாம். 64 கிலோ எடைக்கு ஹாவி இறக்கத்தில் அது வேண்டாத சோதனை. கோனாவில் பின்பக்கம் முழுத் தட்டுச் சக்கரத்துக்கே (கம்பிகள் தெரியாமல் முழுக்க மூடிய சக்கரம்) அனுமதி இல்லை, அவ்வளவு பக்கக்காற்று. முன்சக்கரம் 40, 50 மி.மீ. போதும், பின்சக்கரம் ஆழமாக இருக்கலாம், ஏனென்றால் கைப்பிடியைத் திருப்புவது முன்சக்கரத்தின் மேல் படும் காற்றுதான். 80 மி.மீ. சேமிப்பது ஒரு நிமிடம் இரண்டு நிமிடம். பயந்து ஏரோ பாரை விட்டு நிமிர்ந்தால் அதைவிடப் பல மடங்கு போகும். எந்தச் சக்கரத்தில் நீங்கள் நிம்மதியாகக் குனிந்திருக்கிறீர்களோ அதுதான் உங்களுக்கு வேகமான சக்கரம்.

பழகுவதற்கு எங்கள் ஊருக்கு வாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று இறங்குவதும், அங்கே வைமேயா பக்கம் காற்று இறங்குவதும் ஒரே விதம்தான், மலை இடைவெளியில் நெருக்கப்பட்டு வேகம் எடுப்பது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இங்கே நேரிலேயே பார்க்கலாம். ஆனால் நான்குவழிச் சாலையில் லாரிகளோடு ஓட்டாதீர்கள். லாரி தாண்டும்போது காற்று ஒரு நொடி மறைந்து, மறுபடி மொத்தமாக அடிக்கும், அங்கேதான் சைக்கிள் விழும். உள்சாலைகளில், காலையிலேயே, கூட ஒருவரோடு ஓட்டுங்கள்.

பக்கக்காற்றில் செய்ய வேண்டியது, தோளையும் முழங்கையையும் தளர்த்திக்கொண்டு, பார்வையைத் தூரத்தில் வைத்து, மிதிப்பதை நிறுத்தாமல் இருப்பது. மிதிக்காமல் உருண்டால் சைக்கிள் இன்னும் அலைபாயும். காற்று தள்ளும் பக்கம் ஒரு அடி போக விடுங்கள், உடனே எதிர்த்துத் திருப்பாதீர்கள். அடி பலமாக வரும் வெட்டுகளில் கையை வெளிப்பிடிக்கு மாற்றிக்கொண்டு, தாண்டியதும் திரும்பக் குனியுங்கள். தண்ணீர் எடுப்பது, ஜெல் பிரிப்பது எல்லாம் காற்று நேராக வரும் இடங்களில் மட்டும்.

எதிர்காற்றில் முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளத் தோன்றும். 12 மீட்டர் இடைவெளி விதி, நடுவர்கள் மோட்டார் சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். விதிக்கு உட்பட்ட 12 மீட்டரிலேயே எதிர்காற்றில் நல்ல பலன் உண்டு, நேர்மையாக ஓட்டியே அதை எடுத்துக்கொள்ளலாம்.

கடற்காகம்:

ஓட்டம் பற்றி நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே என் கருத்து உப்புக்காற்று அண்ணனோடு முழுக்க ஒத்துப்போகிறது.

முதல் பகுதி அலீ டிரைவ், கடலோரம், கூட்டம், கைதட்டல், ஆனால் காற்று நுழையாத புழுக்கம். அங்கே உற்சாகத்தில் ஓடுகிறவர்கள்தான் பாலானி ரோடு ஏற்றத்தில் நடக்கிறார்கள். அப்புறம் மறுபடியும் குவீன் கே, இப்போது காலால். 25, 26 கி.மீ. போல வரும்போது கடல் பக்கம் இறங்கி எனர்ஜி லேப் என்ற ஆற்றல் ஆராய்ச்சி மையத்துக்குப் போகும் ரோடு. இறங்கும்போது சுகம், கீழே காற்றும் இருக்காது, சூடு மேலிருந்தும் கீழிருந்தும் வரும், திரும்பி ஏற வேண்டும். போட்டி முடிவாவது பெரும்பாலும் அங்கேதான். உங்கள் வேகத்துக்கு அங்கே போகும்போது மாலை ஆகியிருக்கும், சூரியன் ஆறு மணி வாக்கில் இறங்கிவிடும், அதனால் நடு மதியச் சூடு இருக்காது. ஆனால் அதுவரை சேர்த்த சூடு உடம்பில் இருக்கும்.

எய்ட் ஸ்டேஷன் கிட்டத்தட்ட ஒரு மைலுக்கு ஒன்று வரும். நிற்காமல் ஓடுவதைப் பெருமையாக நினைக்காமல், ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது அடி நடங்கள். தொப்பிக்குள் பனிக்கட்டி, கழுத்துக்குப் பின்னால், மார்பு உடைக்குள், இரண்டு உள்ளங்கையிலும் பனிக்கட்டி. முதலில் குடிப்பது, அடுத்து உப்பு, கடைசியாகத் தலையில் தண்ணீர், இந்த வரிசையைப் பயிற்சியிலேயே பழகுங்கள், அந்த நேரத்தில் மூளை யோசிக்காது. சூடு ஏறிய பிறகு குளிர்விப்பது கடினம், அதனால் முதல் ஸ்டேஷனிலிருந்தே தொடங்க வேண்டும், தாகம் எடுத்த பிறகு அல்ல. சைக்கிளிலும் அப்படித்தான், ஒரு பாட்டில் குடிக்க, ஒரு பாட்டில் கை, தொடை, தலையில் ஊற்ற.

தலையில் ஊற்றும் தண்ணீர் ஷூவுக்குள் போகும், 20 கி.மீ. தாண்டியதும் பாதம் கொப்பளித்துவிடும். குனிந்து, தலையை முன்னால் நீட்டி ஊற்றுங்கள். தண்ணீர் வடியும் மெல்லிய ஷூ, மெல்லிய சாக்ஸ், விரல்களுக்கு வாசலின். ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக ஓட்டத்துக்கான உதவிப் பையில் வையுங்கள்.

நெடுவழி:

இதையெல்லாம் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன். ஜூலை கடைசியில் இரண்டு நாள் நாகர்கோவில் வருகிறேன், 50 மி.மீ. சக்கரம் ஒன்றை நண்பரிடம் இரவல் கேட்டிருக்கிறேன். முப்பந்தல் சார், கூட ஓட்ட முடியுமா?

முப்பந்தல்:

கண்டிப்பாக. காலை ஐந்தரைக்கு ஆரல்வாய்மொழி ரயில் நிலையம் பக்கம் வந்துவிடுங்கள். வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்புவோம். பின்விளக்கு, இரண்டு உபரி டியூப், 50 மி.மீ. சக்கரத்துக்கு நீட்டமான வால்வு, மறக்காமல்.